ஒன்றுக்கு நூறு: 717ஆவது டிவிஷன் விட்டுச்சென்ற கணக்கு

1941 அக்டோபர் நடுவில் செர்பியாவின் கோர்னி மிலானோவாட்ஸ் ஊருக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த ஜெர்மன் படை ஒன்றைக் கிளர்ச்சியாளர்கள் வழிமறித்துத் தாக்கினார்கள். சிப்பாய்களில் 10 பேர் இறந்தார்கள், 26 பேர் காயம்பட்டார்கள். இறந்த ஒவ்வொரு ஜெர்மானியருக்கும் 100 உள்ளூர்க்காரர்களையும், காயம்பட்ட ஒவ்வொருவருக்கும் 50 பேரையும் சுட வேண்டும் என்பது அப்போதிருந்த உத்தரவு. பத்தை நூறால் பெருக்கினால் 1,000, இருபத்தாறை ஐம்பதால் பெருக்கினால் 1,300, ஆக மொத்தம் 2,300. இந்தத் தொகையை நிரப்பப் படை தேர்ந்தெடுத்த ஊர் கிராகுயேவாட்ஸ். தாக்குதல் நடந்தது அந்த ஊரில் அல்ல. ஆனாலும் அக்டோபர் 20 அன்று நகரின் தெருக்களிலும் பட்டறைகளிலும் கடைகளிலும் கண்ணில் பட்ட ஆண்களையெல்லாம் பிடித்தார்கள். உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைந்து, வகுப்பில் இருந்த மூத்த மாணவர்களை ஆசிரியர்களோடு சேர்த்து அழைத்துப் போனார்கள். அன்று மாலையே நகரத்து யூத ஆண்கள் கொல்லப்பட்டார்கள். மறுநாள் காலை ஊருக்கு வெளியே ஷுமாரிட்ஸே என்ற இடத்தில், கூட்டம் கூட்டமாக நிறுத்தி எந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். இறந்தவர்கள் 7,000 பேர் என்று யூகோஸ்லாவியா நெடுங்காலம் சொல்லிவந்தது. பெயர் பெயராகச் சரிபார்த்த பிற்கால ஆய்வாளர்கள் ஏறக்குறைய 2,800 என்ற எண்ணிக்கைக்கு வந்திருக்கிறார்கள். தொகை குறைந்ததால் குற்றம் குறையவில்லை. மேலிடம் கேட்ட 2,300 என்ற எண்ணும் தாண்டப்பட்டிருக்கிறது என்பது இந்தத் திருத்தத்திலிருந்து இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

நாஜிக் கொடுமை என்றதும் நம் நினைவுக்கு வருவது கறுப்புச் சீருடை அணிந்த எஸ்.எஸ். படை. கிராகுயேவாட்ஸில் சுட்டவர்கள் அவர்கள் அல்ல. 704ஆவது காலாட்படை டிவிஷனின் ஒரு பட்டாலியனும் 717ஆவது காலாட்படை டிவிஷனின் ஒரு பட்டாலியனும்தான் அதைச் செய்தன. கட்டாய ராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்டு வந்த, குடும்பம் குட்டியுள்ள சாதாரண ஆட்கள். இரண்டில் 717இன் வரலாற்றைத் தொடக்கம் முதல் இறுதிவரை பின்தொடர்ந்து பார்ப்பது பயனுள்ளது. ஏனென்றால் இதே டிவிஷன் பெயரும் தளபதியும் மாறி, இரண்டு ஆண்டுகள் கழித்து வேறொரு நாட்டில் இதே காரியத்தை இதே முறையில் மறுபடி செய்தது. போர்க்களத்தில் மனிதர்கள் வெறிகொள்வதுண்டு, அதில் தவறுகள் நேர்வதுண்டு என்று படுகொலைகளுக்கு வழக்கமாக ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது. 717இன் வரலாறு அந்த விளக்கத்துக்குள் அடங்காது என்பது என் வாதம். இங்கே கொன்றது ஆத்திரம் அல்ல, அலுவலகப் பழக்கம். உத்தரவு, பட்டியல், தொகை, அறிக்கை என்ற வரிசையில் அது ஒரு ராணுவ அமைப்பின் கைப்பழக்கமாகப் படிந்துவிட்டிருந்தது. ஆட்கள் மாறினாலும் அந்தப் பழக்கம் மாறவில்லை.

டிவிஷன் எப்படி உருவானது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1941 ஏப்ரல் 6 அன்று ஜெர்மனி யூகோஸ்லாவியாவைத் தாக்கியது. ஏப்ரல் 17இல் அந்த நாடு சரணடைந்தது. வென்ற முன்னணிப் படைகளுக்கு அங்கே தங்க நேரமில்லை. ஜூன் 22இல் சோவியத் யூனியன்மீது படையெடுக்க அவை கிழக்கே தேவைப்பட்டன. பிடித்த நாட்டைக் காவல் காக்க வேறு ஆட்கள் வேண்டும். அதற்காகவே 700களில் எண்ணிட்ட டிவிஷன்கள் அந்த வசந்தகாலத்தில் அவசரமாகத் திரட்டப்பட்டன. ஜெர்மன் ராணுவக் கணக்கில் இவை பதினைந்தாவது அலை. இயல்பான காலாட்படை டிவிஷனில் மூன்று காலாட்படை ரெஜிமென்ட்டுகள் இருக்கும், இவற்றில் இரண்டுதான். 717க்கு 737, 749 என்ற இரண்டு ரெஜிமென்ட்டுகள். பீரங்கிப்படைக்கு முழு ரெஜிமென்ட் கிடையாது. வண்டிகளும் ஆயுதங்களும் பெரும்பாலும் பிற நாடுகளிடமிருந்து பறித்தவை, பழையவை. சிப்பாய்கள் முப்பதைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள், பயிற்சி குறைவானவர்கள். அதிகாரிகளில் பலர் முதல் உலகப்போரில் பணியாற்றிவிட்டு வீட்டுக்குப் போனவர்கள். 717 திரண்டது வியன்னாவுக்குக் கிழக்கே ப்ரூக் அன் டெர் லைத்தா என்ற ஊரில், அதன் ஆட்களில் மிகப் பெரும்பாலோர் ஆஸ்திரியர்கள். மே மாதத்தில் செர்பியாவுக்கு வந்தார்கள். பெல்கிரேடிலிருந்து தெற்கே தெசலோனிக்கிவரை போகும் ரயில் பாதை, போர் என்ற ஊரின் செம்புச் சுரங்கம், ட்ரெப்சாவின் ஈயச் சுரங்கம், ஆயுதத் தொழிற்சாலைகள் ஆகியவை ஜெர்மனியின் போர்த் தொழிலுக்கு உயிர்நாடி. அவற்றைக் காவல் காப்பதுதான் இத்தகைய டிவிஷன்களுக்கு இட்ட வேலை.

அந்த வேலை ஜூலையில் கடினமானது. சோவியத் யூனியன் தாக்கப்பட்டதும் டிட்டோவின் தலைமையில் கம்யூனிஸ்ட்டுகள் ஆயுதமெடுத்தார்கள். இவர்களைப் பார்டிசன்கள் என்பார்கள். மன்னராட்சிக்கு விசுவாசமான மிஹைலோவிச்சின் செட்னிக் படையும் அவர்களோடு கொஞ்சகாலம் சேர்ந்து போரிட்டது. பாலங்கள் தகர்ந்தன, தந்திக் கம்பிகள் அறுந்தன, தனித்து நின்ற காவல்முகாம்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. செப்டம்பர் முடிவில் மேற்கு செர்பியாவின் பெரும்பகுதி கிளர்ச்சியாளர் கையில் இருந்தது, உஜிட்ஸே நகரத்தில் அவர்கள் சொந்த நிர்வாகமே நடத்தினார்கள். நீண்ட ரயில் பாதை நெடுகச் சிறு சிறு கும்பலாகச் சிதறிக் கிடந்த நடுவயதுச் சிப்பாய்களால் மலைக்குள் புகுந்து கொரில்லாக்களைத் துரத்திப் பிடிக்க முடியவில்லை. இந்த இயலாமைதான் அடுத்து வந்ததற்கான நிலத்தைப் பண்படுத்தியது. மலையில் இருக்கும் எதிரி கைக்கு எட்டமாட்டான், ஊரில் இருக்கும் கணக்கெழுத்தரும் தச்சரும் மாணவனும் எட்டுவார்கள். பலம் குறைந்த ஆக்கிரமிப்புப் படை தன் பலவீனத்துக்கான விலையை ஊர்க்காரர்களைக் கொடுக்க வைத்தது. பலவீனத்தைச் சொல்வது படுகொலைக்குச் சமாதானம் சொல்வதாகாது. பலவீனமாக இருந்தவர்களுக்கும் வேறு வழிகள் இருந்தன என்பதைக் கீழே காண்போம்.

செப்டம்பர் 16 அன்று ஜெர்மன் உயர்தலைமையிலிருந்து கைட்டெல் ஒரு உத்தரவை அனுப்பினார். ஒரு ஜெர்மன் சிப்பாயின் உயிருக்கு ஈடாக 50 முதல் 100 கம்யூனிஸ்ட்டுகளுக்கு மரண தண்டனை விதிப்பது பொருத்தமானது என்றது அது. அதே மாதத்தில் செர்பியாவின் ராணுவ அதிகாரம் முழுவதும் ஃப்ரான்ஸ் போமெ என்ற தளபதியிடம் வந்தது. அவரும் ஆஸ்திரியர். 1914இல் ஆஸ்திரியப் படைகள் செர்பியாவுக்குள் புகுந்து தோற்றுப் பின்வாங்கியதையும், அப்போது சிந்திய ரத்தத்தையும் நினைவூட்டி, அந்த இறந்தவர்களுக்காகப் பழிவாங்க வந்தவர்கள் நீங்கள் என்று அவர் தன் படைகளுக்கு அறிவித்தார். அக்டோபர் 10 அன்று தன் சொந்த உத்தரவை வெளியிட்டார். கைட்டெல் 50 முதல் 100 என்று இடைவெளி விட்டிருந்தார், போமெ அதன் உச்சத்தை எடுத்துக்கொண்டார். கைட்டெல் சொல்லாத ஒன்றையும் சேர்த்தார், காயம்பட்டவருக்கு 50. இந்தச் சேர்க்கையின் விளைவைக் கிராகுயேவாட்ஸில் நேரடியாகப் பார்க்கலாம். அங்கே குறித்த 2,300இல் 1,300, அதாவது பாதிக்கும் மேல், காயம்பட்டவர்களின் பேரில் வந்தது. உயிரோடிருந்த, மருத்துவமனையில் தேறிக்கொண்டிருந்த சிப்பாய்களின் கணக்கில் ஆயிரத்து முந்நூறு உயிர்கள். ‘மேலிடத்து உத்தரவு, என்ன செய்வது’ என்ற வாதம் இந்த இடத்திலேயே தடுமாறிவிடுகிறது. உத்தரவு படிப்படியாகக் கீழே இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் ஒருவர் அதை இன்னும் கொடியதாக்கினார். கம்யூனிஸ்ட்டுகள் என்று உயர்தலைமை எழுதியது, ஊருக்கு வந்து சேரும்போது அது ‘ஆண்கள்’ என்றாகியிருந்தது.

717ஆவது டிவிஷனின் முதற்பெரும் படுகொலை கிராகுயேவாட்ஸுக்குச் சில நாள் முந்தியது. இபர் ஆற்றங்கரையில் உள்ள கிராலியேவோ ஒரு ரயில் சந்திப்பு, அங்கே ரயில்பெட்டித் தொழிற்சாலையும் விமானத் தொழிற்சாலையும் இருந்தன. அக்டோபர் நடுவில் பார்டிசன்களும் செட்னிக்குகளும் சேர்ந்து ஊரை முற்றுகையிட்டுத் தாக்கினார்கள். காவலிருந்தது 749ஆவது ரெஜிமென்ட்டைச் சேர்ந்த படை. ஊர் ஆண்களைப் பிடித்து ரயில் எஞ்சின் பட்டறையில் அடைத்தார்கள். தொழிற்சாலைத் தொழிலாளர்களை வேலைக்கு வந்த இடத்திலேயே வளைத்தார்கள். பெயர்களைப் பட்டியலிட்டு, கூட்டமாகப் பிரித்து வெளியே கொண்டுபோய்ச் சுட்டார்கள். டிவிஷன் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கை 1,736 ஆண்களும் 19 ‘கம்யூனிஸ்ட்’ பெண்களும் சுடப்பட்டதாகச் சொல்கிறது. இந்த வரியைப் பலமுறை படித்துப் பார்க்க வேண்டும். ஆத்திரத்தில் சுடுபவன் ஆயிரத்து எழுநூற்று முப்பத்தாறு என்று எண்ணிக்கொண்டிருக்கமாட்டான். எண்ணுவதற்கு ஒருவர், எழுதுவதற்கு ஒருவர், தட்டச்சு செய்ய ஒருவர், கையெழுத்திட ஒருவர் வேண்டும். அப்படி எழுதியவர்கள் அதை மறைக்க வேண்டிய செயலாகக் கருதவில்லை, முடித்துவிட்ட வேலையாகவே மேலே தெரிவித்தார்கள். கொல்லப்பட்டவர்களில் பலர் ஜெர்மன் ராணுவத்துக்கே பொருள் செய்துகொடுத்துவந்த தொழிலாளர்கள் என்பது அப்புறம்தான் படைத்தலைமைக்கு உறைத்தது. தொழிற்சாலைகள் நின்றுபோன பிறகுதான், கண்ணில் பட்டவர்களையெல்லாம் சுடுவதைக் கட்டுப்படுத்தும் பேச்சு எழுந்தது.

அந்த இலையுதிர்காலத்தில் இந்த முறை எங்கே வந்து முடிந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அக்டோபர் தொடக்கத்தில் டோபோலா அருகே 21 ஜெர்மானியர்கள் கொல்லப்பட்டார்கள். 2,100 பேர் என்று போமெ கணக்கிட்டு, அந்தத் தொகையை ஷபாட்ஸ், பெல்கிரேட் முகாம்களில் அடைபட்டிருந்தவர்களிலிருந்து, முக்கியமாக யூதர்களிலிருந்து, எடுக்கச் சொன்னார். முகாமில் அடைபட்டிருந்தவர்கள் டோபோலாவில் யாரையும் சுட்டிருக்க முடியாது. அவர்களில் வியன்னாவிலிருந்து தப்பி, டான்யூப் வழியாகப் பாலஸ்தீனம் போகப் புறப்பட்டு, செர்பியாவில் சிக்கிக்கொண்ட யூத அகதிகளும் இருந்தார்கள். ஆஸ்திரியாவிலிருந்து ஓடிவந்தவர்களை இன்னொரு ஆஸ்திரியரின் உத்தரவு இங்கே கண்டுபிடித்தது. பழிக்குப் பழி என்ற சொல் இந்த இடத்தில் பொருளிழந்துவிடுகிறது. எந்தத் தாக்குதலோடும் தொடர்பில்லாத, படை ஏற்கெனவே ஒழிக்க நினைத்த மக்கள் ‘ஈடு’ என்ற தலைப்பின் கீழ் ஒழிக்கப்பட்டார்கள். ஆண்டு முடிவதற்குள் செர்பியாவின் யூத ஆண்களில் பெரும்பாலோரும், பெருந்தொகை ரோமா ஆண்களும் இப்படிக் கொல்லப்பட்டிருந்தார்கள். டிசம்பர் 5 தேதியிட்ட ராணுவக் கணக்கு 11,164 பேர் சுடப்பட்டதாகவும், இன்னும் 20,174 பேர் சுடப்பட வேண்டியிருப்பதாகவும் காட்டுகிறது. கடன் பேரேட்டில் நிலுவை எழுதுவதுபோல மனித உயிர்களுக்கு நிலுவை எழுதியிருக்கிறார்கள்.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். கொரில்லாப் போரில் எதிரி சீருடை இல்லாமல் வருகிறான், சுட்டுவிட்டு ஊருக்குள் மறைகிறான், அந்த நாளைய போர்ச்சட்டமும் பதிலடியை அனுமதித்தது என்பது முதல் வாதம். இது முற்றிலும் கற்பனை அல்ல. பிணைக்கைதி வைப்பது அன்றைய படைகள் பலவற்றின் கையேடுகளில் இருந்தது. போருக்குப் பின் நூரெம்பெர்க்கில் பால்கன் தளபதிகளை விசாரித்த அமெரிக்க நீதிமன்றமே, மிகக் கடுமையான நிபந்தனைகளோடு, கடைசி வழியாகப் பிணைக்கைதியைக் கொல்வது சட்டப்படி இயலும் என்று எழுதிப் பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. ஆனால் அந்த நீதிபதிகளே செர்பியாவில் நடந்ததைக் குற்றமென்றுதான் தீர்த்தார்கள். ஒன்றுக்கு நூறு எந்த அளவுகோலிலும் பதிலடி ஆகாது. தாக்கியவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் தொடர்பு காட்டப்படவில்லை, விசாரணை நடத்தப்படவில்லை. 1907இன் ஹேக் விதிகள், தனிமனிதர் செயலுக்காக மக்கள் எல்லாரையும் தண்டிப்பதை அப்போதே தடுத்திருந்தன. கிராகுயேவாட்ஸ் பகுதியின் ஜெர்மன் நிர்வாகத் தளபதி ஃபோன் பிஷோஃப்ஸ்ஹௌஸென் இதையே தன் வழியில் எடுத்துச் சொன்னார். இந்த ஊருக்குள் ஒரு ஜெர்மானியர்கூடத் தாக்கப்படவில்லை, இவர்களைச் சுடுவது தவறு என்று வாதிட்டார். அவர் கருணையாளர் என்று சொல்லிவிட முடியாது. பதிலாகச் சுற்றுக் கிராமங்களைக் காட்டினார், அக்டோபர் 19 அன்று அங்கே 400க்கும் மேற்பட்ட ஆண்கள் கொல்லப்பட்டார்கள். அப்படியும் நகரம் தப்பவில்லை. அங்கிருந்த படைத்தளபதி மேஜர் கோனிக் தன் கணக்கை நிறைவு செய்தார். நடப்பது சரியா என்ற கேள்வி அந்தச் சீருடைக்குள்ளேயே எழுந்தது, அது யாருக்கும் புதிதாக இருக்கவில்லை என்பதற்கு இது சாட்சி.

உத்தரவை மீறியிருந்தால் சிப்பாயே சுடப்பட்டிருப்பான் என்பது அடுத்த வாதம். கடைநிலைச் சிப்பாயைப் பற்றி இதைச் சொன்னால் பொறுமையாகக் கேட்கலாம். ஆனால் எண்ணிக்கையை நிர்ணயித்தவர்கள் கடைநிலைச் சிப்பாய்கள் அல்ல. போமெவுக்கு அடுத்து வந்த பாடர் 1941 டிசம்பர் 22 அன்று விகிதத்தைச் சரிபாதியாக, இறந்தவருக்கு 50, காயம்பட்டவருக்கு 25 என்று குறைத்தார். அதற்காக அவர் தலை உருளவில்லை. ஒரு கையெழுத்தில் பாதியாக்க முடிந்த எண்ணை ஏற்கவும் மறுக்கவும் தளபதிகளுக்கு இடமிருந்தது. பயங்கரம் பலித்தது, கிளர்ச்சி அடங்கியது என்றும் சிலர் சொல்வார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் உண்மைதான். படுகொலைகளின் அளவைக் கண்ட மிஹைலோவிச் போரிடுவதில் தயங்கினார், நவம்பரில் செட்னிக்குகளும் பார்டிசன்களும் தங்களுக்குள் மோதிக்கொண்டார்கள், உஜிட்ஸே விழுந்தது. ஆனால் பார்டிசன்கள் அழியவில்லை, போஸ்னியா மலைகளுக்கு நகர்ந்து அங்கே வளர்ந்தார்கள். 717ஆவது டிவிஷனும் அவர்களைத் தொடர்ந்து போக வேண்டியதாயிற்று. 1943 ஜனவரியில் டிட்டோவின் படையை அழிப்பதற்கென்றே ஜெர்மானியர்கள் நடத்திய பெரும் படையெடுப்பில் அதுவும் பங்கேற்றது. டிட்டோ நழுவிவிட்டார். வீட்டில் இருந்தாலும் சுடப்படுவோம் என்று அறிந்த இளைஞன் மலைக்குப் போவதில் இழக்க ஒன்றுமில்லை என்று கண்டான். கிளர்ச்சியை அடக்கவென்று கொண்டுவந்த முறை கிளர்ச்சிக்கே ஆள் சேர்த்துக் கொடுத்தது.

என் வாதத்தின் மையம் 1943இல் இருக்கிறது. அந்த வசந்தகாலத்தில் 700 வரிசை டிவிஷன்கள் மலைப்போருக்கேற்ற யேகர் டிவிஷன்களாகத் திருத்தி அமைக்கப்பட்டன. 717 இப்போது 117ஆவது யேகர் டிவிஷன் ஆனது. வயதானவர்கள் விலகி இளைஞர்கள் வந்தார்கள், ஆயுதமும் பயிற்சியும் மேம்பட்டன. கார்ல் ஃபோன் லெ ஸுயர் புதிய தளபதி. நேச நாடுகள் கிரேக்கத்தில் இறங்கப்போகின்றன என்ற எதிர்பார்ப்பில் டிவிஷன் பெலொப்பொனேஸ் தீபகற்பத்துக்கு அனுப்பப்பட்டது. இளையவர்கள், ஆயுதம் நிறைந்தவர்கள், வேறு நாடு, வேறு தளபதி என்று எல்லாமே மாறியிருந்தது. படுகொலைக்குக் காரணம் 1941இன் பலவீனமும் பதற்றமும்தான் என்றால் இங்கே நடந்தது வேறாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அக்டோபரில், பழைய 749ஆவது ரெஜிமென்ட்டின் ஒரு கம்பெனி கலாவ்ரிதா மலைப்பகுதியில் கிரேக்கக் கொரில்லாக்களிடம் சிக்கியது, ஏறக்குறைய 80 பேர் கைதானார்கள். அவர்களை விடுவிக்கும் பேச்சு தோல்வியடைந்தது. நவம்பர் கடைசியிலேயே லெ ஸுயர் அந்தப் பகுதிமீது படையெடுக்கத் திட்டமிட்டுவிட்டார். டிசம்பர் தொடக்கத்தில் பல திசைகளிலிருந்தும் படை மலையேறியது. படை நெருங்கியபோது, டிசம்பர் 7 அன்று, கொரில்லாக்கள் கைதிகளைக் கொன்றார்கள். இதையும் மழுப்பாமல் சொல்ல வேண்டும். சரணடைந்த போர்க்கைதிகளைக் கொல்வது போர்க்குற்றம், கொன்றவர் யாராக இருந்தாலும். அதற்குக் காரணமானவர்களைத் தேடித் தண்டிக்க டிவிஷனுக்கு உரிமை இருந்திருக்கலாம். கலாவ்ரிதாவின் பதினான்கு வயதுச் சிறுவன்மீது அந்த உரிமை எப்படி நீண்டது என்பதை யாராலும் விளக்க முடியாது.

டிசம்பர் 13 காலை கலாவ்ரிதா ஊர்மக்களைப் பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்தார்கள். பெண்களையும் குழந்தைகளையும் உள்ளே அடைத்தார்கள். ஆண்களையும், ஏறக்குறைய பதினான்கு வயதுக்கு மேற்பட்ட சிறுவர்களையும் ஊருக்கு மேலே சரிவான ஒரு வயலுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து பார்த்தால் ஊர் தீப்பற்றி எரிவது தெரியும். பிறகு எந்திரத் துப்பாக்கி. பிணங்களின் அடியில் கிடந்து உயிர்தப்பியவர்கள் பதின்மூன்று பேர். பள்ளிக்கூடத்தை நெருப்பு நெருங்கியபோது பெண்கள் குழந்தைகளோடு வெளியேறிவிட்டார்கள். மேலே போய்ப் பார்த்தவர்கள் தங்கள் தந்தையரையும் கணவரையும் மகன்களையும் டிசம்பர் மாத மலைக்குளிரில் கையால் மண்ணைத் தோண்டிப் புதைக்க வேண்டியிருந்தது. கிரேக்க விடுதலைப் போரின் தொடக்கத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் அகியா லாவ்ரா மடமும் மறுநாள் எரிந்தது. படையெடுப்பு முடிந்ததும் டிவிஷன் அறிக்கை அனுப்பியது: 24 ஊர்களும் 3 மடங்களும் அழிக்கப்பட்டன, 696 கிரேக்கர்கள் சுடப்பட்டார்கள், 2,000க்கும் மேற்பட்ட ஆடுகளும் 26 கோடி டிராக்மாவும் கைப்பற்றப்பட்டன. ஊர், மடம், மனிதர், ஆடு, பணம் எல்லாம் ஒரே தாளில். கிராலியேவோவிலிருந்து வந்த 1,736 என்ற வரியையும் இந்தத் தாளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பிடிப்பது, ஓரிடத்தில் அடைப்பது, வயதுவாரியாகப் பிரிப்பது, ஊருக்கு வெளியே சுடுவது, எண்ணி எழுதுவது என்று வரிசை மாறவில்லை. இடையில் நடந்தது இரண்டு ஆண்டு ஆள் மாற்றம். சிலர் அதே ஆட்களாகத் தொடர்ந்திருப்பார்கள், அது உண்மை. ஆனால் புதிதாக வந்தவர்கள் பழையவர்களின் செய்முறையை எந்தத் தயக்கமுமின்றி எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்வது. பழிவாங்கும் உணர்வைக் கற்றுத்தர வேண்டியதில்லை, அது மனிதரிடம் இருப்பது. ஆனால் பட்டியலையும் பள்ளிக்கூடத்தையும் மேட்டு வயலையும் ஒரு டிவிஷன்தான் கற்றுத்தர முடியும்.

ஒரு டிவிஷனை வைத்து முழு ராணுவத்தையும் தீர்ப்பிடுவது நியாயமா என்ற கேள்வி ஜெர்மனியில் பெரும் விவாதமானது. போருக்குப் பின் பல பத்தாண்டுகள், குற்றம் செய்தது எஸ்.எஸ்., ராணுவம் கைகளைக் கறைப்படுத்திக்கொள்ளாமல் போரிட்டது என்ற நம்பிக்கை அங்கே வேரூன்றியிருந்தது. 1995இல் ஹாம்புர்க் சமூக ஆய்வு நிறுவனம் ராணுவத்தின் குற்றங்களைப் பற்றி ஒரு கண்காட்சியை ஊர் ஊராகக் கொண்டுபோனது, அதன் மூன்று களங்களில் செர்பியாவும் ஒன்று. எதிர்ப்பு கடுமையாக இருந்தது. சில புகைப்படங்களின் விளக்கம் தவறு, சில கொலைகள் வேறு படைகள் செய்தவை என்று வரலாற்றாளர்கள் காட்டியபோது, 1999இல் கண்காட்சி நிறுத்தப்பட்டுச் சுயேச்சையான நிபுணர் குழு ஒன்று அதைச் சரிபார்த்தது. தவறுகள் உண்டு, ஆனால் அடிப்படை வாதம் சரி என்று குழு சொன்னது. திருத்திய கண்காட்சி 2001இல் மறுபடி திறந்தது. எல்லா டிவிஷன்களும் கலாவ்ரிதாக்களை நிகழ்த்தவில்லை என்பதை நானும் ஏற்கிறேன். முன்னணியில் போரிட்டு ஒரு கிராமத்தைக்கூட எரிக்காத படைகளும் இருந்தன. ஆனால் இந்த ஒப்புதல் 717க்கு உதவவில்லை, அதன் குற்றத்தை இன்னும் கனமாக்குகிறது. வேறு மாதிரி நடந்துகொண்டவர்கள் இருந்தார்கள் என்றால், இப்படி நடந்துகொண்டது தவிர்க்க முடியாத விதியல்ல. இந்த டிவிஷனின் வழித்தடத்தை வியன்னாவிலிருந்து கலாவ்ரிதாவரை நூலாக எழுதியவர் ஹெர்மன் ஃப்ராங்க் மையர் என்ற ஜெர்மானியர். அவருடைய தந்தை கிரேக்கத்தில் கொரில்லாக்களால் கொல்லப்பட்ட ஜெர்மன் ராணுவத்தினர். தந்தையைத் தேடிப் போன மகன் அங்கே கொல்லப்பட்ட மற்றவர்களின் தந்தையரையும் கண்டெடுத்து எழுதினார். அவருடைய உழைப்பின்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

பொறுப்பு கேட்கும் முறை வந்தபோது வெகுசிலரே பதில் சொன்னார்கள். போமெ விசாரணை தொடங்குவதற்கு முன்பே 1947 மே மாதம் நூரெம்பெர்க் சிறையின் மாடியிலிருந்து குதித்து இறந்தார். லெ ஸுயர் சோவியத் கைதியாக 1954இல் இறந்தார். பெலொப்பொனேஸ் பகுதிக்கு மேலதிகாரியாக இருந்த ஃபெல்மிக்கு 15 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது, 1951இலேயே வெளியே வந்துவிட்டார். கலாவ்ரிதாவுக்காக ஜெர்மன் நீதிமன்றம் எதுவும் யாரையும் தண்டிக்கவில்லை. 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜெர்மன் அதிபர் யோஹன்னஸ் ரௌ அந்த மலைக்குப் போய், நடந்ததற்காகத் துயரமும் வெட்கமும் தெரிவித்தார். ஐம்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் வந்த சொல் என்றாலும், அங்கே விதவைகளாக வாழ்ந்து முதுமையடைந்த பெண்களில் சிலர் அதைக் கேட்க உயிரோடு இருந்தார்கள். தனிமனிதர்களைத் தண்டிப்பதில் நேர்ந்த இந்தத் தோல்வி பெரியது, அதைச் சிறிதாக்கிச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் பழக்கம் அமைப்பில் குடியிருந்தது என்ற என் வாதம் சரியென்றால், தனிமனிதரைத் தண்டித்தால் மட்டும் அது ஒழிந்திருக்காது. எத்தனை பேர் என்று நிர்ணயிக்கும் அதிகாரத்தைத்தான் தளபதியின் மேசையிலிருந்து எடுத்திருக்க வேண்டும். நூரெம்பெர்க் நீதிபதிகள் திறந்து வைத்துவிட்டுப் போன அந்தச் சிறு இடைவெளியை 1949 ஆகஸ்டில் கையெழுத்தான நான்காவது ஜெனீவா உடன்படிக்கை அடைத்தது. அதன் 34ஆவது பிரிவு ஒற்றை வாக்கியம்: பிணைக்கைதி பிடிப்பது தடைசெய்யப்படுகிறது. ஐம்பது என்றோ நூறு என்றோ, இத்தனை வரை என்றோ அதில் எந்த எண்ணும் இல்லை.